விதை மூட்டையைச் சுவரில் சாய்க்காதீர்கள்

2015 நவம்பர் மழையில் கிள்ளையில் எங்கள் வீட்டுக்குள் வெள்ளம் வரவில்லை, திண்ணையோடு நின்றுவிட்டது. வயலில் சம்பா அழுகியது. அது போகட்டும், மறுவிதைப்புக்கு வீட்டில் மூட்டை இருக்கிறதே என்று தைரியமாக இருந்தேன். ஆதிரெங்கம் நெல் திருவிழாவில் 2 கிலோ வாங்கி, மறு வருஷம் 4 கிலோவாகத் திருப்பிக் கொடுத்துப் பெருக்கிய மாப்பிள்ளைச் சம்பா அது. பிரித்துப் பார்த்தால் சுவர்ப் பக்கம் முழுக்கப் பூசணம்.

வெள்ளம் தொடாத விதையைச் சுவர்தான் கெடுத்தது. விளக்குத்திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி செங்கல் சுவர் மண்ணிலிருந்து ஈரத்தை இழுக்கும். நம் கடலோரத்தில் உப்பும் கூடவே ஏறும். அந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். பூத்த இடத்தைக் கொத்திவிட்டு நான் சிமெண்ட் பூசினேன். முப்பது வருஷம் வீட்டுக்கடன் மனுக்களைப் பார்த்தவனுக்கு இது தெரியவில்லை! வெளியேற வழியில்லாத ஈரம் அடுத்த வருஷம் ஒரு முழம் மேலே ஏறிவிட்டது. இப்போது சுண்ணாம்புப் பூச்சுதான். அது ஈரத்தை வெளியே விடுகிறது.

விதையைப் பல்லில் கடித்தால் ‘டக்’கென்று உடையும் வரை காயவைக்கிறேன். ஈரப்பதம் 13 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. பிறகு மூடி இறுகிய டிரம்மில் போட்டு, பரணில், சுவரை ஒட்டாமல் வைக்கிறேன். அரைகுறையாகக் காய்ந்ததை டிரம்மில் அடைத்தால் அவிந்துபோகும், ஜாக்கிரதை. நொச்சி இலை பூச்சிக்குத்தான், ஈரத்துக்கு இல்லை.

ஆடியில் 100 விதையை எண்ணி ஈரச்சாக்கில் முளைகட்டிப் பார்ப்பேன். 80க்குக் குறைந்தால் அந்த டிரம் விதைப்புக்கு இல்லை.