முனகலின் மூலம்

வீட்டுக் கூடத்தில் பல ஆண்டுகள் ஒலித்துவந்த பாட்டுப்பெட்டி ஒருநாள் பாட்டுக்கு அடியில் ‘ம்ம்ம்’ என முனகத் தொடங்குகிறது. பழையதாகிவிட்டதென்று அதனை ஒதுக்கிவிடுவோர் பலர். பழுது நீக்குபவரோ அம்முனகலையே முதற்சான்றாகக் கொள்கிறார். ஒலியளவைக் குறைக்கும்போது முனகலும் குறைந்தால் பழுது ஒலியளவுத் திருகிற்கு முன்னே, பெரும்பாலும் இணைப்புக் கம்பியில், உள்ளது. குறையாவிடில் ஐயம் மின்வழங்கும் பகுதியின்மேல் விழுகிறது.

நம் வீடுகளுக்கு வரும் மாறுதிசை மின்னோட்டத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். பெட்டியிலுள்ள நான்கு டையோடுகள் அதனை ஒருதிசைப்படுத்தும்போது நொடிக்கு 100 முறை ஏறியிறங்கும் மின்னழுத்தம் உருவாகிறது. அந்த மேடுபள்ளத்தை நிரவுவது பெரிய மின்பகுளி மின்தேக்கியின் பணி. மழைநீரைத் தேக்கி, வரத்து இல்லாதபோது மதகுவழி விடும் ஏரியைப் போன்றது அது. அதனுள் உள்ள நீர்மம் நாளடைவில் உலர, கொள்ளளவு குறைகிறது. நிரவப்படாத அதிர்வு முனகலாய்க் கேட்கிறது. வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் இம்மின்தேக்கியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர் கணக்கு. காற்றுத் துளைகளின்மேல் பூவேலைத் துணி விரித்து அழகு பார்ப்போர் இதனை எண்ணுவதில்லை.

மின்செருகியைப் பிடுங்கிய பின்னும் மின்தேக்கியில் மின்னூட்டம் எஞ்சியிருக்கும். திருப்புளியால் அதன் முனைகளைத் தொட்டுப் பொறிபறக்க இறக்குவது முரட்டுச் செயல். தக்க மின்தடையாக்கி வழியே இறக்கி, மல்டிமீட்டர் சுழியம் காட்டிய பிறகே பலகையில் கைவைக்க வேண்டும். தேர்ந்தவர் துணையின்றி மாணவர் இதில் இறங்கலாகாது.

பலகையை ஆராயக் கண்ணே முதற்கருவி. மின்தேக்கியின் தலை புடைத்திருக்கலாம். கனமான உறுப்புகளின் கால்களைச் சுற்றிப் பற்றாசில் மயிரிழை போன்ற விரிசல் ஓடியிருக்கலாம். தட்டினால் பாட்டு வருவதும் போவதும் பெரும்பாலும் இவ்விரிசலால்தான். பற்றாசு என்பது பொற்கொல்லர் சொல். நேரிசை வெண்பாவில் தனிச்சொல்லை இணைக்கும் அசைகளுக்கு ‘ஆசு’ எனப் பெயரிட்டதும் அதனை எண்ணியே. விரிந்த இடத்தைப் பற்றவைப்புக்கோலால் உருக்கிப் புதுப் பற்றாசு இட்டால் போதும். மின்தேக்கியை மாற்றுவதாயின் கொள்ளளவு ஒத்திருக்க வேண்டும். தாங்கும் மின்னழுத்தம் பழையதற்குக் குறையலாகாது. நேர்முனையும் எதிர்முனையும் மாறினால் அது வெடித்துவிடக்கூடும்.

உருகி கருகியிருந்தால் இன்னும் நிதானம் வேண்டும். உருகி கருகுவது நோயன்று, நோயின் அறிகுறி. குறுக்குச்சுற்றான டிரான்சிஸ்டரைத் தேடாமல் உருகிக்குப் பதில் தடித்த கம்பியை முறுக்கிவிட்டால், அடுத்து எரிவது மின்மாற்றியாகவும் இருக்கலாம், வீடாகவும் இருக்கலாம்.

ஆகவே, வேலை முடிந்ததும் தேர்ந்த தொழிலாளர் பெட்டிக்கு நேரடியாக மின்சாரம் கொடுப்பதில்லை. 60 வாட் இழைப் பல்பு ஒன்றைத் தொடரிணைப்பில் வைத்து இயக்குகின்றனர். பல்பு ஒரு கணம் ஒளிர்ந்து மங்கினால் மின்தேக்கி நிரம்பிவிட்டது. மங்காமல் எரிந்தால், குறுக்குச்சுற்று இன்னும் பலகையில் எங்கோ ஒளிந்திருக்கிறது.