தொட்டிக்குள் ஒரு பசிபிக்! - 'லைஃப் ஆஃப் பை' கடல் உருவான கதை

'லைஃப் ஆஃப் பை' படத்தை டி.வி-யில் எத்தனை முறை போட்டாலும், கடல் காட்சி வந்ததும் வீட்டில் எல்லோரும் அப்படியே உட்கார்ந்துவிடுவோம். சின்னப் படகு, புதுச்சேரிப் பையன் ஒருவன், கூடவே ஒரு புலி. சுற்றிலும் பசிபிக் பெருங்கடல்.

அந்தக் கடல், உண்மையில் ஒரு தண்ணீர்த் தொட்டி!

புதுச்சேரிக் காட்சிகளை நம் ஊருக்கே வந்து எடுத்த இயக்குநர் ஆங் லீ, கடலுக்காக தைவானின் தைச்சுங் நகரில், பயன்பாட்டில் இல்லாத ஒரு விமான நிலையத்தில் பிரமாண்டத் தொட்டி கட்டினார். இயந்திரங்கள் அலை எழுப்ப, சூரஜ் ஷர்மா படகில் நடித்தார். சுற்றிலும் நீலத் திரை. தொட்டிச் சுவருக்கு அப்பால், தொடுவானம் வரை நாம் பார்க்கும் தண்ணீர் கம்ப்யூட்டரில் செய்தது. புலியும் பெரும்பாலான காட்சிகளில் கம்ப்யூட்டர் புலிதான்.

இதில் என்ன கஷ்டம்?

கம்ப்யூட்டரில் ஒரு கோட்டையைக் கட்டினால் அது அசையாமல் நிற்கும். கடல் நிற்குமா? தொட்டியில் எழும் அலையும் கம்ப்யூட்டர் அலையும் சேரும் இடத்தில் உயரம், வேகம், நிறம் எல்லாம் ஒத்துப்போக வேண்டும். ஒரு விநாடிக்கு 24 ஃபிரேம்கள். 3டி படம் என்பதால் ஒவ்வொன்றும் இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாக!

அடுத்தது வானம். கடலுக்கு நிறம் கொடுப்பதே அதுதானே? வானில் சூரியன் இடப்பக்கம் இருந்தால், பையனின் முகத்திலும் வெயில் இடப்பக்கம்தான் விழ வேண்டும். அலை ஓய்ந்து, கடல் கண்ணாடியாக மாறும் காட்சியில் வானம் தண்ணீரிலும் தெரியும். ஒரு மேகத்தை மாற்றினால், கீழே அதன் நிழலுருவத்தையும் மாற்ற வேண்டும்.

இந்த வேலையில் பெரும்பங்கு 'ரிதம் அண்ட் ஹியூஸ்' நிறுவனத்துடையது. அப்போது லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் அதன் தலைமையகம் இருந்தது. மும்பை, ஹைதராபாத்திலும் கிளைகள் இருந்தன. 2013 பிப்ரவரி 24 அன்று படம் நான்கு ஆஸ்கர்களை வென்றது. விஷுவல் எஃபெக்ட்ஸ் விருதும் அதில் உண்டு.

ஆனால், அதற்கு இரண்டு வாரத்துக்குள்தான் அந்த நிறுவனம் திவால் மனு கொடுத்திருந்தது. நூற்றுக்கணக்கானோர் வேலை இழந்தனர். விருது வாங்கிய பில் வெஸ்டன்ஹோஃபர் மேடையில் இதைச் சொல்லத் தொடங்கியபோது, 'ஜாஸ்' படத்தின் இசையை வாசித்து மைக்கை அணைத்துவிட்டார்கள். வெளியே வி.எஃப்.எக்ஸ் கலைஞர்கள் போராடிக்கொண்டிருந்தார்கள்.

ஏன் இந்த நிலை? இந்தத் தொழிலில் பெரும்பாலும் முதலிலேயே மொத்தமாக ஒரு தொகை பேசிவிடுவார்கள். பிறகு 'அந்த மேகம் வேண்டாம், இந்த அலையை மாற்றுங்கள்' என்று திருத்தங்கள் வந்துகொண்டே இருந்தாலும் தொகை கூடாது. மரத்தில் போட்ட செட்டை இடித்துக் கட்டினால் பலகைக்கும் ஆணிக்கும் ஆகும் செலவு கண்ணுக்குத் தெரியும். கம்ப்யூட்டர் செட் என்றால், 'பட்டனைத் தட்டினால் வந்துவிடும்' என்ற நினைப்பு. தட்டுகிறவர் விடிய விடிய கண் விழிப்பது யாருக்கும் தெரிவதில்லை.

இன்று வி.எஃப்.எக்ஸ் படிக்க ஆசைப்படும் பிள்ளைகள் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள். ஆசையாகப் படிக்கட்டும். சாஃப்ட்வேரோடு ஒரு கேள்வியையும் கற்றுக்கொள்ளட்டும்: "இந்தத் தொகைக்கு எத்தனை முறை திருத்தம்?"

தைத்த சட்டையைப் பிரித்து மறுபடி தைக்கச் சொன்னால், தெருமுனை டெய்லர்கூடக் கூலி கேட்பாரே!