கொதிக்கும் எஞ்சினும் கிணற்று நீரும்

காய்ச்சல் என்று ஒருவர் வந்தால் நல்ல வைத்தியர் உடனே மருந்தை எடுத்துக் கொடுப்பதில்லை. நாடியைப் பிடித்துப் பார்க்கிறார். எப்பொழுது ஏறுகிறது, எப்பொழுது இறங்குகிறது என்று விசாரிக்கிறார். ஏனெனில் காய்ச்சல் நோயன்று, நோயின் அறிகுறி. மோட்டார்க் காரின் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாவதும் அவ்வாறானதே. காரணம் அறியாது தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டிருப்பது, காய்ச்சற்காரனுக்கு விசிறுவதை ஒக்கும்.

பெற்றோல் எரிவதால் உண்டாகும் வெப்பத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கே சில்லுகளை உருட்டப் பயன்படுகிறது. ஒரு பெரும் பங்கு புகையோடு போகிறது. மற்றொரு பங்கை, எஞ்சினைச் சுற்றி ஓடும் நீர் ஏற்றுக்கொண்டு, முன்புறத்திலுள்ள றேடியேற்றருக்குக் கொண்டு செல்கிறது. அங்கே மெல்லிய குழாய்களினூடாக நீர் இறங்கும்போது, விசிறி இழுக்கும் காற்று வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. குளிர்ந்த நீரைப் பம்பி மறுபடியும் எஞ்சினுக்குள் தள்ளுகிறது. நீர், காற்று, இவற்றை இயக்கும் கருவிகள் ஆகிய மூன்றில் ஒன்று தவறினும் எஞ்சின் கொதிக்கும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இவ்விஷயத்துக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. 1950களிலும் 1960களிலும் வந்து சேர்ந்த மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் முதலிய கார்கள் இங்கே பல பத்தாண்டுகள் உழைத்தன. 1990ஆம் ஆண்டில் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது பெற்றோலும் உதிரிப்பாகங்களும் கிடைத்தற்கரியனவாயின. சில துளி பெற்றோலால் எஞ்சினைக் கிளப்பி, பின் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல எளிதில் ஆவியாவதில்லை. உருளைகளில் தட்டல் உண்டாக்கும். எரியாத மிச்சம் கீழே வடிந்து மசகெண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். இவை யாவும் சூட்டைக் கூட்டுவன. அந்நாளில் உருளைத் தலையின் காஸ்கற் ஒன்று எரிந்துபோனால், மாற்றுவதற்கு வேறொன்று அகப்படாமல் கார் கொட்டகையில் நின்றுவிடும். இரவில் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல அயலில் அந்த ஒரு காரே இருந்திருக்கவும் கூடும்.

மற்றொரு காரணம் நிலத்தடியில் இருக்கிறது. குடாநாடு மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல்லின்மேல் அமைந்தது. காங்கேசன்துறையிலே சீமெந்து செய்ய அகழப்பட்டதும் இக்கல்லே. வற்றாத ஆறு ஒன்றும் இங்கில்லை. மழைநீர் கல்லினூடாக இறங்கிக் கிணறுகளில் ஊறுகிறது. வரும் வழியிற் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. அந்நீரைச் சூடாக்கினால் கரியமிலவாயு வெளியேற, கரைந்திருந்த சுண்ணாம்பு மீண்டும் கல்லாகப் படிகிறது. தேநீருக்குத் தண்ணீர் காய்ச்சும் கேத்திலின் உட்புறத்தைத் தடவிப் பார்ப்பவர் அவ்வெண்படிவை அறிவர். அதுவே றேடியேற்றரின் குழாய்களிலும் படிகிறது. அப்படிவு செம்பைவிட நூறு மடங்குக்கும் மேலாக வெப்பத்தைத் தடுக்கவல்லது. கரையோரக் கிணறுகளிலோ உவர் நீர். அது உலோகத்தை அரிக்கும்.

இனி, வீட்டிலேயே காரணத்தைக் காணும் முறையைப் பார்ப்போம். முதல் விதி பொறுமை. கொதிக்கும் எஞ்சினின் றேடியேற்றர் மூடியை ஒருபோதும் திறக்கலாகாது. உள்ளே நீர் அழுத்தத்தில் இருப்பதால் நூறு பாகை கடந்தும் கொதியாதிருக்கும். மூடி கழன்ற கணமே ஆவியாகச் சீறி முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். எஞ்சினை நிறுத்தி, தொட்டாற் சுடாத அளவுக்கு ஆறும்வரை காத்திருத்தல் வேண்டும். சூடான எஞ்சினில் குளிர்ந்த கிணற்று நீரைத் திடீரென வார்ப்பதும் தவறு. வார்ப்பிரும்பு வெடிக்கும், உருளைத் தலை வளையும்.

ஆறிய பின் நீர்மட்டத்தைப் பார்க்க வேண்டும். குறைந்திருந்தால் அந்நீர் எங்கே சென்றது என்பதே கேள்வி. இரவிற் காரின் கீழே கடதாசி விரித்து வைத்தால் காலையில் ஒழுக்கு தெரியும். இறப்பர்க் குழாய்களின் பொருத்துகளில் வெள்ளைக் கறை இருப்பின் அங்கே நீர் கசிந்து காய்ந்துள்ளது எனலாம். வெளியில் ஒழுக்கே இல்லாமல் நீர் குறைந்தால் ஐயம் உள்ளே திரும்ப வேண்டும். எண்ணெய் பார்க்கும் கோலில் மசகெண்ணெய் பால் கலந்த தேநீர் போல் காணப்பட்டாலும், எஞ்சின் ஓடும்போது றேடியேற்றரில் குமிழிகள் ஓயாது எழுந்தாலும், காஸ்கற் பழுது என்றே எண்ணலாம். மேலும் ஓட்டாமல் மெக்கானிக்கிடம் காட்டுவதே தகும்.

நீர் நிறைந்திருந்தும் சூடேறினால், எப்பொழுது ஏறுகிறது என்று கவனிக்க வேண்டும். சந்தியில் நிற்கும்போது ஏறி, ஓடும்போது தணிந்தால் குறை விசிறியிடம். பழைய காரில் விசிறிப் பட்டியை நடுவிற் பெருவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய அரை அங்குலம் தாழலாம். அதற்கு மேல் தாழ்ந்தால் தளர்ந்துவிட்டது. புதிய காரில் விசிறி மின்சாரத்தால் இயங்குவது. எஞ்சினை நிறுத்திய பின்னும் அது தானே சுழலத் தொடங்கக்கூடும், கை கவனம். மாறாக, நெடுந்தூர ஓட்டத்தில் சூடேறினால் நீரோட்டத்தில் அடைப்பு உண்டு என்று கொள்ளலாம்.

நீரோட்டத்தைக் காக்கும் சிறு கதவு தேமோஸ்ரற் எனப்படும். குளிர்ந்திருக்கையில் மூடியிருந்து, பல கார்களில் எண்பது பாகைக்குச் சற்று மேலே திறப்பது இது. அதைக் கழற்றி நூலிற் கட்டி, சட்டியில் நீரோடு அடுப்பில் வைத்துப் பார்க்கலாம். நீர் கொதித்தும் திறவாவிடின் அதுவே குற்றவாளி. அது திறந்தால், றேடியேற்றரைச் சோதிக்க வேண்டும். எஞ்சினைச் சூடாக்கி நிறுத்தி, விசிறியும் ஓய்ந்தபின், முகப்பை உள்ளங்கையால் அருகிருந்து உணர்ந்தால், அடைபட்ட இடங்கள் குளிர்ந்திருக்கும். வெளியே தகடுகளிடையே செம்மண்ணும் பூச்சிகளும் அடைந்திருந்தால் நீரைப் பின்புறத்திலிருந்து முன்னோக்கிப் பாய்ச்சிக் கழுவினால் போதும். உள்ளே சுண்ணாம்பு அடைத்திருந்தால் அமிலம் கொண்டு கரைக்க வேண்டும். அது றேடியேற்றர் வேலை தெரிந்தவர் செய்வது. அலுமினிய றேடியேற்றரை அமிலம் கெடுத்துவிடும்.

இவை யாவும் செம்மையாயிருந்தும் சூடு தணியாவிடின், தீப்பொறி நேரம் பிந்துகிறதா, பிறேக் சில்லைப் பிடித்துக்கொண்டே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிறிது தூரம் ஓடியபின் ஒரு சில்லின் நடுப்பகுதி மட்டும் மற்றவற்றினும் சுட்டால், பிறேக்கே எஞ்சினை வருத்துகிறது.

நோய் வராமற் காப்பது எளிது. புதிய கார்களுக்குத் துருவைத் தடுக்கும் குளிர்திரவத்தைத் தயாரிப்பாளர் விதித்தபடி இடுவதே முறை. பழைய கார் வைத்திருப்போர் கிணற்று நீரை விடுத்து, வடிநீரையோ மழைநீரையோ பயன்படுத்தலாம். ஐப்பசி, கார்த்திகையில் குடாநாட்டில் மழைக்குக் குறைவில்லை. முதல் மழைகள் கூரையைக் கழுவிச் சென்றபின், பீலியின் கீழ் ஒரு பாத்திரத்தை வைத்து, பிடித்த நீரைத் துணியில் வடித்துப் போத்தல்களில் மூடி வைத்தால் ஆண்டு முழுவதற்கும் போதும். கொட்டகையின் மூலையில் அப்போத்தல்கள் நிற்குமாயின், அவசரத்திலே வாளியைக் கிணற்றில் இறக்க வேண்டிய தேவை ஏற்படாது.