பழைய ஆர்எக்ஸ் 100-க்கு வேறு கார்புரேட்டர் மாட்டுமுன்

உங்கள் யமஹா ஆர்எக்ஸ் 100 சிக்னலில் நின்றால் அணைந்துபோகிறது. ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் திக்கித் திக்கி இழுக்கிறது. மெக்கானிக் பார்த்துவிட்டு, "கார்ப் போச்சு சார், மாத்திடலாம்" என்கிறார். உடனே சரி என்று சொல்லிவிடாதீர்கள். 1985-இல் வந்து 1996-இல் நின்றுபோன வண்டி அது. அதிலிருக்கும் பழைய கார்புரேட்டர் இன்று கடையில் கிடைக்கும் புதியதைவிடத் தரமாக இருக்க வாய்ப்பு உண்டு.

கார்புரேட்டரின் வேலை என்ன? காற்றையும் பெட்ரோலையும் சரியான அளவில் கலந்து என்ஜினுக்கு அனுப்புவது. டூ ஸ்ட்ரோக் வண்டியில் இதற்குக் கூடுதல் பொறுப்பு உண்டு. பிஸ்டனுக்கு வழவழப்புத் தரும் ஆயிலும் இந்தக் கலவையோடுதான் உள்ளே போகிறது. பெட்ரோல் குறைந்து காற்று மிஞ்சினால் என்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகும். பிஸ்டன் விரிந்து சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். 'என்ஜின் சீஸ் ஆயிடுச்சு' என்பது இதைத்தான். மைலேஜ் கூட வேண்டும் என்று பெட்ரோலைக் குறைத்து வைத்தால், மிச்சம் பிடித்த காசு ஒரே நாளில் சிலிண்டரைக் கடைந்து போர் போடும் செலவுக்குப் போய்விடும். இனி நான் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்.

சரி, கோளாறு கார்பில்தான் என்று எப்படித் தெரிந்துகொள்வது? முதலில் கார்புக்கும் என்ஜினுக்கும் நடுவில் உள்ள ரப்பரைக் கழற்றி வெளிச்சத்தில் வளைத்துப் பாருங்கள். மயிரிழை வெடிப்பு இருந்தாலும் அதன் வழியே திருட்டுக் காற்று ஏறும். ஆக்ஸிலேட்டரை விட்டபிறகும் என்ஜின் சத்தம் உடனே இறங்காமல் தொங்கி நின்றால் இந்தச் சந்தேகம் வலுக்கும். கிராங்கில் மேக்னெட் பக்கத்து ஆயில் சீல் தேய்ந்தாலும் காற்று ஏறி இதே தொல்லை வரும். கிளட்ச் பக்கத்து சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகை கக்கும். சைலன்சருக்குள் கரி அடைத்தால் வண்டி மேலே இழுக்காது. இவற்றையெல்லாம் பார்க்காமல் கார்பை மாற்றினால் காசும் போகும், கோளாறும் அப்படியே இருக்கும்.

கார்பையே சோதிக்க வேண்டுமென்றால் மூடியைத் திறந்து ஸ்லைடை (கேபிள் இழுக்கும்போது மேலேறி வழிவிடும் உருளை) விரலால் பிடித்து அசையுங்கள். லேசான ஆட்டம் இருக்கத்தான் செய்யும். தடதடவென்று ஆடினால், ஒரு பக்கம் ஆழமாகக் கோடு விழுந்து தேய்ந்திருந்தால், அந்த உடல் தேறாது, மாற்றுங்கள். அப்படி இல்லையென்றால் ரிப்பேர் கிட் வாங்கிப் போட்டு நன்றாகக் கழுவினாலே போதும். கழுவும்போது கேபிள் கம்பியைப் பிரித்து ஜெட்டைக் (பெட்ரோல் அளவாக ஏறும் துளையுள்ள பித்தளைத் திருகு) குத்துவதை அனுமதிக்காதீர்கள். எஃகுக் கம்பி பித்தளைத் துளையைப் பெரிதாக்கிவிடும். கிளீனர் தெளித்துக் காற்றடித்தால் போதும்.

சோக்கையும் பாருங்கள். ஆர்எக்ஸ் 100-இல் அது ஒரு சின்னக் கம்பி. அதன் அடியில் ஒரு ரப்பர் தக்கை இருக்கும். தக்கை கல் மாதிரி இறுகிவிட்டால் சோக் மூடியிருக்கும்போதும் பெட்ரோல் கசிந்து பிளக் கறுத்துக்கொண்டே இருக்கும். இதற்காகக் கார்பையே மாற்றியவர்கள் நிறைய.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் எதை வாங்குவது? கம்பெனியில் வந்தது மிக்குனி வகை, 20 மி.மீ. வாய். அதே அளவையே தேடுங்கள். மிக்குனியோடு தொழில்நுட்பக் கூட்டுவைத்து இந்தியாவில் இவற்றைத் தயாரித்தது சென்னை நிறுவனமான யூகால். ஆகவே நம் ஊரில் தேடினால் கிடைக்காத பொருள் இல்லை. சென்னையில் பழைய பொருளுக்குப் புதுப்பேட்டை, புதிய பொருளுக்கு ஜி.பி. ரோடு. எங்கே போனாலும் உங்கள் பழைய கார்பைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து, என்ஜின் பக்க வாய், ஃபில்டர் பக்க வாய், கேபிள் மூடி எல்லாம் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சில வண்டிகளில் ஆயில் பம்பிலிருந்து வரும் மெல்லிய குழாய் கார்பிலேயே சேரும். உங்கள் பழைய கார்பில் அப்படி ஒரு மூக்கு இருந்து புதியதில் இல்லாவிட்டால், விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்க வேண்டாம்.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது? அசலில் வார்ப்பு எழுத்துகள் கூர்மையாக இருக்கும், ஜெட்டில் எண் தெளிவாகப் பதிந்திருக்கும். போலியில் உலோகம் சொரசொரப்பாக இருக்கும், ஓரங்களில் பிசிறு இருக்கும், ஸ்லைடு உள்ளே போகும்போது நடுவில் சிக்கும். சிக்கும் ஸ்லைடு உயிருக்கே ஆபத்து. ஓடும்போது ஆக்ஸிலேட்டர் இறங்காது. பழையதை வாங்கினால் ஸ்லைடு தேய்மானத்தைக் கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

24, 26 மி.மீ. போட்டால் பிக்கப் பிய்த்துக்கொண்டு போகும் என்பார்களே? வேறு மாற்றம் எதுவும் செய்யாத 98 சி.சி. என்ஜினுக்கு அது வேண்டாம். வாய் பெரிதானால் மெதுவாகப் போகும்போது காற்றின் வேகம் குறையும். பெட்ரோல் சரியாக மேலே ஏறாது. ஊருக்குள் ஓட்டுவது எரிச்சலாகிவிடும்.

மாட்டியாயிற்று. இனி என்ஜினைச் சில நிமிடம் ஓட்டிச் சூடாக்குங்கள். குளிர்ந்த என்ஜினில் செய்த அளவு நிற்காது. ஃபில்டர் பக்கம் இருப்பது ஏர் ஸ்க்ரூ. என்ஜினை நிறுத்திவிட்டு அதை மெதுவாக உள்ளே திருகி, முட்டியதும் நிறுத்துங்கள், இறுக்கக் கூடாது. அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். வண்டியைக் கிளப்பி, ஐடில் திருகைக் கொஞ்சம் ஏற்றிவைத்து, ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்றாக இப்படியும் அப்படியும் திருப்பிச் சத்தத்தைக் கேளுங்கள். எங்கே சத்தம் சீராகி மேலே ஏறுகிறதோ அதுதான் இடம். பிறகு ஐடிலைக் குறையுங்கள். உள்ளே திருகினால் பெட்ரோல் கூடும், வெளியே எடுத்தால் குறையும். ஒரு சுற்றுக்கும் குறைவாக வைத்தால்தான் நன்றாக ஓடுகிறது என்றால் பைலட் ஜெட் (ஐடிலுக்குப் பெட்ரோல் தரும் சின்ன ஜெட்) சிறியது. இரண்டரைச் சுற்றுக்கு மேல் போனால் அது பெரியது.

ஐடில் சரி, ஓடும்போது திக்குகிறதா? பாதி ஆக்ஸிலேட்டரில் என்றால் ஸ்லைடில் தொங்கும் ஊசியைக் கவனியுங்கள். அதன் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் ஊசி உயர்ந்து பெட்ரோல் கூடும். முழுதாக முறுக்கும்போது மட்டும் திணறினால் மெயின் ஜெட்டைப் பாருங்கள். எண் கூடினால் துளை பெரிது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றும் முன் பழைய அளவைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

அளவு சரியா என்பதைப் பிளக் சொல்லும். ஆளில்லாத சாலையில், தலைக்கவசத்தோடு, நல்ல வேகத்தில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டுக் கிளட்சைப் பிடித்து என்ஜினை அணைத்து ஓரம் கட்டுங்கள். பிளக் காபித்தூள் நிறத்தில் இருந்தால் நிம்மதி. ஈரக் கறுப்பாக இருந்தால் பெட்ரோலோ ஆயிலோ கூடுதல். வண்டி புகைக்கும், ஆனால் கெடாது. சுண்ணாம்பாக வெளுத்திருந்தால் அதற்கு மேல் ஓட்டாதீர்கள். காற்று எங்கே மிஞ்சுகிறது என்று தேடுங்கள். இரண்டுக்கும் நடுவே தடுமாறினால் கொஞ்சம் கறுப்புப் பக்கமே வையுங்கள்.

இப்போது பங்கில் வரும் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கும் இது பொருந்தும். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் பழைய அளவில் வைத்த கார்பு பெட்ரோலைக் குறைத்துக் கொடுப்பதுபோல் ஆகிறது. பழைய ரப்பர் வளையங்களும் அதில் ஊறிக் கெடும். ஒரு எண் பெரிய மெயின் ஜெட் தேவைப்படலாம். பிளக்கைப் பார்த்து முடிவு செய்யுங்கள். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தினால் கார்பின் அடிக்கிண்ணத்துப் பெட்ரோலை வடித்துவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

பலர் கடைசியில் மறந்துவிடுவது ஆயில் பம்பை. ஆர்எக்ஸ் 100-இல் ஆக்ஸிலேட்டர் கேபிள் இரண்டாகப் பிரிந்து, ஒன்று கார்புக்கும் மற்றொன்று ஆயில் பம்புக்கும் போகிறது. கார்பை மாற்றினால் இரண்டின் இழுவையும் பொருந்துகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். பம்பின் கப்பியில் உள்ள குறி, கையேடு சொல்லும் நிலையில் நேராக நிற்க வேண்டும். கேபிள் தொய்ந்திருந்தால் வேகம் கூடும்போது ஆயில் கூடாது. அந்த நிலையில் நெடுஞ்சாலையில் ஓட்டினால் பிஸ்டன் கவ்வும். பாதுகாப்புக்கு முதல் டேங்கில் லிட்டருக்கு 20 மி.லி. 2டி ஆயிலைப் பெட்ரோலிலும் கலந்துவிடுங்கள். கொஞ்சம் புகையும், பரவாயில்லை. அந்த டேங்க் முடிந்ததும் கார்புக்கும் என்ஜினுக்கும் நடுவிலுள்ள ரப்பரின் கிளாம்ப்பை ஒருமுறை இறுக்கிவிட்டு, நிறுத்தும்போதெல்லாம் பெட்ரோல் டேப்பை மூடும் பழக்கத்தை ஆரம்பியுங்கள். அப்போது கிண்ணத்துக்குப் பெட்ரோல் வருவதைத் தடுக்கும் மிதவை ஊசி கசிந்தாலும் பெட்ரோல் என்ஜினுக்குள் இறங்காது.