இணையமும் ஆங்கிலச் சொல்லாக்கமும்

முன்னுரை

மொழி மாறும் இயல்புடையது என்பது மொழியியலின் அடிப்படைக் கருத்தாகும். அச்சு, தந்தி, வானொலி, தொலைக்காட்சி ஆகிய ஒவ்வொன்றும் ஆங்கிலத்திற்குப் புதிய சொற்களையும் புதிய நடையையும் தந்துள்ளன. 1990களில் பொதுமக்களிடையே பரவத் தொடங்கிய இணையம் அவ்வரிசையில் சேர்ந்ததேயாயினும், வேகத்தால் அவற்றை விஞ்சி நிற்கின்றது. இதனால் ஆங்கிலம் சிதைகின்றது என வருந்துவோரும் உளர். வளர்கின்றது என மகிழ்வோரும் உளர். மாணவர் எழுத்தைத் திருத்தும் ஆசிரியருக்கு இது வெறும் கோட்பாட்டு வினா அன்று. எதனைப் பிழையெனக் கோடிட வேண்டும், எதனை மாற்றமென ஏற்க வேண்டும் என்னும் நடைமுறை வினாவும் இதில் அடங்கியுள்ளது. ஆகவே, சொற்றொகுதி, இலக்கணம், எழுத்துநடை ஆகிய மூன்றிலும் இணையம் விளைவித்த மாற்றங்களைத் தனித்தனியே காண்போம்.

பழைய வழியில் பிறந்த புதிய சொற்கள்

இணையம் தந்த சொற்கள் புதியவை; அவை பிறந்த வழிகளோ பழையவை. இதற்கு ‘பிளாக்’ என்னும் சொல்லே தக்க சான்றாகும். 1997 டிசம்பரில் ஜோர்ன் பார்கர் என்னும் அமெரிக்கர், வலையைக் குறிக்கும் ‘வெப்’ என்பதனையும் குறிப்பேட்டைக் குறிக்கும் ‘லாக்’ என்பதனையும் இணைத்து ‘வெப்லாக்’ என்றார். 1999இல் பீட்டர் மெர்ஹோல்ஸ் என்பவர் அச்சொல்லை வேடிக்கையாக ‘வீ பிளாக்’ எனப் பிரித்து எழுதினார். ‘நாம் பதிகிறோம்’ என்னும் தொடர்போல் அது அமைந்தமையால், ‘பிளாக்’ தனிச்சொல்லாயிற்று. பின்னர் அது பெயராகவும் வினையாகவும் வழங்கிற்று. செய்பவரைக் குறிக்கும் விகுதியை ஏற்று ‘பிளாக்கர்’ எனவும் ஆயிற்று. 2004இல் மெரியம்–வெப்ஸ்டர் அகராதி நிறுவனம் அதனை ஆண்டின் சொல்லாக அறிவித்தது. கூட்டல், குறுக்கம், சொல்வகை மாற்றம், விகுதி ஏற்றல் ஆகிய நான்கும் ஏழே ஆண்டுகளில் ஒரே சொல்லில் நிகழ்ந்துவிட்டமையை இங்குக் காண்கின்றோம்.

பிற சொற்களும் இவ்வழிகளிலேயே அமைந்துள்ளன. வலையைக் குறிக்கும் ‘நெட்’ என்பதும் குடிமகனைக் குறிக்கும் ‘சிட்டிசன்’ என்பதும் கலந்து ‘நெட்டிசன்’ ஆயின. ஐபாட் கருவியின் பெயரும் ஒலிபரப்பைக் குறிக்கும் சொல்லும் கலந்த ‘பாட்காஸ்ட்’ 2004இல் தோன்றியது. நிறுவனப் பெயராகிய ‘கூகுள்’, தேடுதல் என்னும் பொருளில் வினையாகி 2006இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் இடம்பெற்றது. ‘வைரஸ்’, ‘கிளவுட்’ முதலிய சொற்கள் பொருள் விரிவு பெற்றன. ‘ஸ்பேம்’ என்பதன் வரலாறு சுவையானது. 1937இல் சந்தைக்கு வந்த தகர டப்பா இறைச்சியின் பெயர் அது. 1970இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சி நகைச்சுவைக் காட்சி ஒன்றில் அப்பெயர் சலிப்பூட்டும் அளவிற்குத் திரும்பத் திரும்ப ஒலித்தது. அதனை நினைவுகூர்ந்தே கணினிப் பயனர்கள் வேண்டாத செய்திக் குவியலுக்கு அப்பெயரைச் சூட்டினர்.

புதியனவாகத் தோன்றும் சில சொற்கள் உண்மையில் பழையவை. நட்புப் பட்டியலிலிருந்து ஒருவரை நீக்குதலைக் குறிக்கும் ‘அன்ஃபிரெண்ட்’ 2009இல் ஆண்டின் சொல்லாகத் தேர்வு பெற்றது. ஆயினும் வினையாக அதன் வழக்கு 1659ஆம் ஆண்டிலேயே பதிவாகியுள்ளது. 2011இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் சேர்ந்த ‘ஓஎம்ஜி’ என்னும் வியப்புச் சுருக்கத்தை, 1917இலேயே கடற்படைத் தலைவர் ஃபிஷர், வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு எழுதிய கடிதத்தில் ஆண்டுள்ளார். ஆகவே, சுருக்கி எழுதும் பழக்கத்தை இணையத் தலைமுறையின் சோம்பலாக மட்டும் கருதுதல் பொருந்தாது.

இலக்கணத்தின் நிலை

சொற்றொகுதி இவ்வளவு பெருகியும் ஆங்கில இலக்கணம் பெரிதும் மாறவில்லை. ‘கூகுள்’ வினையானவுடன் ‘கூகுள்டு’ என இறந்தகால விகுதியை ஏற்றது. ‘செல்ஃபி’ பன்மையில் ‘செல்ஃபிஸ்’ ஆயிற்று. புதிய சொல் எதுவாயினும் பழைய இலக்கணத்திற்குக் கட்டுப்பட்டே மொழிக்குள் நுழைகின்றது என்பதனை இவை காட்டுகின்றன.

விதிவிலக்குகள் சிலவே. காரணம் உணர்த்தும் ‘பிகாஸ்’ என்பதற்குப் பின் ஒரு முழு வாக்கியமோ ‘ஆஃப்’ என்னும் முன்னிடைச்சொல்லோ வருதலே மரபு. இணைய எழுத்தில் அதனைத் தொடர்ந்து தனிப் பெயர்ச்சொல்லே நேரடியாக நிற்கின்றது. இப்புதிய பயன்பாட்டிற்காகவே அமெரிக்க வட்டார வழக்குக் கழகம் அச்சொல்லை 2013ஆம் ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தது.

கனடாவின் டொரோண்டோவில் சாலி தக்லியமோந்தே, டெரெக் டெனிஸ் ஆகியோர் பதின்ம வயதினரின் உடனடிச் செய்திகளை ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட கட்டுரையும் இங்கு எண்ணத்தக்கது. பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட சொற்கள் கொண்ட அத்தொகுப்பில், இணையத்திற்கே உரியனவாகக் கருதப்படும் சுருக்கங்களும் அவை போன்ற வடிவங்களும் நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவாகவே இருந்தன. மொழி அழிகின்றது என்னும் அச்சத்திற்கு இது தக்க விடையாகும்.

எழுத்துநடையில் நேர்ந்த மாற்றம்

உண்மையான மாற்றம் எழுத்துநடையிலேயே நிகழ்ந்துள்ளது. முன்னர் உரையாடலுக்குப் பேச்சும், பதிவுக்கு எழுத்தும் பெரும்பாலும் உரியனவாயிருந்தன. இணையத்தில் மக்கள் எழுத்தாலேயே உரையாடுகின்றனர். குரலின் ஏற்ற இறக்கமும் முகக்குறிப்பும் எழுத்தில் இல்லாமையால், அவற்றை ஈடுசெய்யும் குறிகள் தேவைப்பட்டன. 2015இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதிகள் ஆனந்தக் கண்ணீர் வடிக்கும் முக உருவையே ஆண்டின் சொல்லாக அறிவித்தமை இதனைப் புலப்படுத்தும்.

நிறுத்தக்குறிகளும் புதிய பொருளை ஏற்றுள்ளன. அமெரிக்காவின் பிங்காம்டன் பல்கலைக்கழகத்தார் 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஒற்றைச் சொல் விடையாக வரும் குறுஞ்செய்தி முற்றுப்புள்ளியுடன் முடிந்தால், அது மனமார்ந்ததன்று என வாசிப்போர் கருதுவது தெரியவந்தது. கையால் எழுதிய குறிப்பிலோ அத்தகைய வேறுபாடு காணப்படவில்லை. ஒரே குறி ஓரிடத்தில் இலக்கணத் தூய்மையாகவும் வேறோரிடத்தில் மனக்கசப்பாகவும் பொருள்படுகின்றது.

முடிவுரை

மேற்கண்டவற்றால், இணையம் ஆங்கிலத்தின் சொற்றொகுதியைப் பெருக்கியுள்ளது, இலக்கணத்தைச் சிறிதளவே தொட்டுள்ளது, எழுத்துநடையை மிகுதியும் மாற்றியுள்ளது என்பது தெளிவாகின்றது. எனவே, கட்டுரைத் தாளில் இணையச் சுருக்கத்தைக் காணும் ஆசிரியர் அதனைத் திருத்துதல் முறையே. ஆயினும் அதனை மொழியறியாமை எனக் கொள்ளாது, இடமறியாமை எனக் கொள்ளுதல் வேண்டும். மாணவருக்குக் கற்பிக்க வேண்டுவது, எந்நடை எவ்விடத்திற்கு உரியது என்னும் தெளிவேயாகும்.

ஆங்கிலமும் தமிழும் ஒருங்கே பயிலும் நம் மாணவர்க்கு இதனை ஒப்பீட்டால் விளக்குதல் எளிது. ‘பிளாக்’ என்பதற்குத் தமிழில் ‘வலைப்பூ’, ‘வலைப்பதிவு’ என்னும் சொற்கள் வழங்குகின்றன. ஆங்கிலம் ஒரு சொல்லைக் குறுக்கிப் பெற்றதனைத் தமிழ் இரு சொற்களைச் சிதைக்காமல் தொகைச்சொல்லாக்கிப் பெற்றுள்ளது. கருவி ஒன்றேயாயினும் ஒவ்வொரு மொழியும் தன் இயல்பிற்கேற்பவே வளரும் என்பதனை இவ்வொரு சான்றைக் கொண்டே வகுப்பறையில் உணர்த்தலாம்.