நாய்க்குட்டிக்கு உடல்நலமில்லை: காத்திருக்கலாமா, கிளினிக்கிற்குப் போக வேண்டுமா?

சம்பளம் போட இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. கையில் இருப்பதோ 150 வெள்ளி. ஞாயிற்றுக்கிழமை இரவு மணி 9.00. யாரோ கொடுத்ததென்று மகள் ஆசையாகத் தூக்கி வந்த இரண்டு மாத நாய்க்குட்டி, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் மூலையில் சுருண்டு கிடக்கிறது. இரண்டு முறை வாந்தியும் எடுத்துவிட்டது.

"அப்பா, டாக்டர்கிட்ட கொண்டு போலாம்பா" என்று மகள் அழுகிறாள்.

"சின்னக் குட்டின்னா அப்படித்தாம்மா இருக்கும். காலையில சரியாயிடும்" என்கிறார் தந்தை.

அவர் கல்நெஞ்சக்காரர் அல்லர். வீட்டு வாடகையும், பள்ளிப் பேருந்துக் கட்டணமும், மோட்டார் சைக்கிள் தவணையும் அவருடைய கண்முன் நிற்கின்றன. மருத்துவச் செலவு எங்கே போய் முடியும் என்ற பயமும் இருக்கிறது. நம்மவர் வீடுகள் பலவற்றில் நடக்கின்ற காட்சிதான் இது. தந்தை சொல்வது சரியா, மகள் சொல்வது சரியா? இதற்கு விடை காண, எந்த அறிகுறி அவசரமானது, எது ஒரு நாள் பொறுக்கக்கூடியது என்பதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

குட்டி வேறு, வளர்ந்த நாய் வேறு

நன்கு வளர்ந்த நாய் ஒரு வேளை உணவை ஒதுக்கினால் பெரும்பாலும் பயப்படத் தேவையில்லை. குட்டியின் நிலை அப்படியன்று. அதன் உடலில் சேமிப்பு மிகக் குறைவு. வாந்தியும் வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டால் சில மணி நேரத்திலேயே உடலின் நீர் வற்றத் தொடங்கிவிடும். சாப்பிடாமல் இருந்தால் இரத்தத்தில் சர்க்கரை அளவு இறங்கி, குட்டி தள்ளாடும், நடுங்கும், வலிப்புகூட வரலாம். சிறிய இனக் குட்டிகளுக்கு இந்த ஆபத்து மேலும் அதிகம்.

தாய்ப்பாலின் வழியே கிடைத்த நோய் எதிர்ப்புச் சக்தி, குட்டிக்கு ஒன்றரை மாதம் ஆகும்போதே குறையத் தொடங்குகிறது. தடுப்பூசிகள் முழுமையாக முடிவதற்கோ ஏறக்குறைய நான்கு மாதம் ஆகும். இடைப்பட்ட இந்தக் காலம்தான் குட்டிக்குக் கண்டம் நிறைந்த காலம். ஆகவே, "தடுப்பூசி போட்டாயிற்றா?" என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

பார்வோ என்னும் எமன்

குட்டிகளைக் கொல்லும் நோய்களில் முதலில் சொல்ல வேண்டியது பார்வோ. 1978ஆம் ஆண்டு வாக்கில் உலகெங்கும் பரவிய இந்தக் கிருமி, ஆறு வாரம் முதல் ஆறு மாதம் வரையிலான குட்டிகளையே அதிகம் தாக்குகிறது. கிருமி உடலில் புகுந்து மூன்று முதல் ஏழு நாளுக்குள் பெரும்பாலும் நோய் வெளிப்படும். முதலில் சோர்வு, பிறகு உணவில் வெறுப்பு, அதன் பின் வாந்தி, கடைசியாகக் கடும் துர்நாற்றத்துடன் இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு என்று படிப்படியாக முற்றும்.

சிகிச்சை தராவிட்டால் பத்துக் குட்டிகளில் ஒன்பது வரை இறந்துவிடக்கூடும். உரிய நேரத்தில் சிகிச்சை தொடங்கினாலோ பெரும்பாலானவை பிழைத்துக்கொள்கின்றன. "நாளை பார்ப்போம்" என்ற ஒரு சொல்லுக்கு இங்கே ஓர் உயிரின் விலை இருக்கிறது. இரத்தம் வரும்வரை காத்திருப்பவர்கள், நோயின் முதல் இரண்டு மூன்று படிகளை இழந்த பிறகே கிளினிக்கிற்குப் போகிறார்கள். அப்போது செலவும் கூடிவிடும். பிழைக்கும் வாய்ப்பும் குறைந்துவிடும்.

ஐந்து நிமிடச் சோதனை

முடிவெடுப்பதற்கு முன் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சில எளிய சோதனைகள் உண்டு. காசு செலவில்லை.

ஈறு: உதட்டை மெல்லத் தூக்கிப் பார்க்க வேண்டும். ஈறு இளஞ்சிவப்பாகவும் ஈரமாகவும் இருந்தால் நல்லது. விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். ஈறு வெளுத்தோ, நீலம் பாரித்தோ, மஞ்சளாகவோ இருந்தால் அது அவசரம். பிறவியிலேயே கறுத்த ஈறுள்ள நாய்களுக்குக் கீழ் இமையின் உட்புறத்தைப் பார்க்கலாம்.

தோல்: தோள்பட்டைக்கு மேலுள்ள தோலைக் கிள்ளித் தூக்கி விட்டால் உடனே படிய வேண்டும். கூடாரம் போல் நின்று மெதுவாக இறங்கினால் உடலில் நீர் வற்றிவிட்டது என்று பொருள். குட்டிகளிடம் இந்தச் சோதனை சில வேளைகளில் ஏமாற்றும். ஈறு பிசுபிசுப்பாக இருக்கிறதா, கண் குழிவிழுந்திருக்கிறதா என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

காய்ச்சல்: மூக்கு காய்ந்திருந்தால் காய்ச்சல் என்பது தவறான நம்பிக்கை. மின்னியல் வெப்பமானியின் முனையில் சிறிது வாஸ்லைன் தடவி ஆசனவாயில் வைத்து அளப்பதே முறை. 38.3 முதல் 39.2 பாகை செல்சியஸ் வரை இயல்பானது. 40 பாகையைத் தாண்டினாலும், 37.5 பாகைக்குக் கீழே இறங்கினாலும் தாமதிக்கக் கூடாது.

குணம்: பெயர் சொல்லி அழைத்தால் தலையைத் தூக்குகிறதா? எழுந்து நிற்கிறதா? வாலை ஆட்டுகிறதா? எண்களைவிட இந்தக் கேள்விகள் பல நேரம் தெளிவான பதிலைத் தந்துவிடும்.

இந்த நொடியே, இன்றே, நாளை

இந்தச் சோதனைகளை வைத்து நோயை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளலாம்.

இரவானாலும் விடுமுறையானாலும் உடனே போக வேண்டியவை: மூச்சுத் திணறல், மயக்கம், வலிப்பு, வெளுத்த அல்லது நீலம் பாரித்த ஈறு, நிற்காத இரத்தப்போக்கு, வயிறு உப்பி வாந்தி வராமல் குமட்டுவது, சிறுநீர் கழிக்க முடியாமல் முக்குவது, வாகனத்தில் அடிபட்டது, குடித்த தண்ணீரும் வயிற்றில் தங்காத தொடர் வாந்தி, இரத்தம் கலந்த வயிற்றுப்போக்குடன் கூடிய சோர்வு, நஞ்சு தின்றது. எலி மருந்து தின்ற குட்டி முதல் ஓரிரு நாள் துள்ளித் திரியும். சில வகை எலி மருந்துகளில் உள்ளுக்குள் இரத்தம் கசிவது சில நாள் கழித்தே தெரியவரும். துள்ளுகிறதே என்று ஏமாறக் கூடாது.

அன்றைய தினமே மருத்துவரிடம் காட்ட வேண்டியவை: தடுப்பூசி முடியாத குட்டி ஒன்றுக்கு மேற்பட்ட முறை வாந்தி எடுப்பது, வயிற்றுப்போக்குடன் உணவை ஒதுக்குவது, வழக்கமான விளையாட்டை விட்டு முடங்கிக் கிடப்பது. உண்ணி நிறைந்த குட்டிக்குக் காய்ச்சலோ மூக்கில் இரத்தமோ வந்தாலும் அன்றே பார்க்க வேண்டும். உண்ணிக் காய்ச்சல் நம் வட்டாரத்துக்குப் புதியதன்று. 1960களில் சிங்கப்பூரிலிருந்த பிரிட்டிஷ் ராணுவ நாய்களையே அது வாட்டியிருக்கிறது. ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே பெரும்பாலும் குணமாகும்.

ஒரு நாள் பொறுக்கக்கூடியவை: ஒரே ஒரு முறை வாந்தியெடுத்துவிட்டு மீண்டும் ஓடி விளையாடுவது, இரத்தமில்லாமல் மலம் சற்று இளகியிருப்பது, இலேசான சொறி, நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டே ஓரிரு முறை தும்முவது. இந்நிலையில் தண்ணீரைச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காத சோற்றையும் எலும்பில்லாத வெந்த கோழி இறைச்சியையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தரலாம். பசும்பால் வேண்டாம். 24 மணி நேரத்தில் தேறாவிட்டாலோ, இடையில் சோர்வு தட்டினாலோ, பொறுத்தது போதும் என்று கிளம்பிவிட வேண்டும்.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். சரவாக்கில் 2017ஆம் ஆண்டு வெறிநாய்க்கடி நோய் பரவத் தொடங்கியது. அங்கே ஒரு குட்டி காரணமின்றிக் கடித்தாலோ, எச்சில் ஒழுகத் தள்ளாடினாலோ அதைத் தூக்கக் கூடாது. கால்நடைச் சேவைத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். கடிபட்டவர் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வீட்டு மருந்துப் பெட்டி வேண்டாம்

பணத்தை மிச்சப்படுத்த எண்ணிச் சிலர் பனடோலை உடைத்துக் கொடுக்கிறார்கள். பாராசிட்டமால் நாயின் ஈரலைக் கெடுக்கும். இபுபுரோஃபென் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். மனிதருக்குத் தரும் வயிற்றுப்போக்கு மாத்திரையையும் மருத்துவரைக் கேட்காமல் தரக் கூடாது. விஷத்தை வாந்தி எடுக்க வைக்க உப்புக் கரைசல் ஊற்றுவது இன்னொரு விஷத்தைக் கொடுப்பதற்குச் சமம். சோர்ந்து கிடக்கும் குட்டியின் வாயைப் பிளந்து கஞ்சியோ இளநீரோ ஊற்றினால், அது நுரையீரலுக்குள் போய்ச் சளிக்காய்ச்சலில் கொண்டு விடலாம்.

குட்டி நடுங்கித் தள்ளாடினால் சிறிது தேனையோ சர்க்கரைப் பாகையோ ஈறில் தடவலாம். அது கிளினிக் போய்ச் சேரும்வரைக்கான கைத்தாங்கல் மட்டுமே.

கையிலுள்ள காசு எதற்கு?

புறப்படுவதற்கு முன் தொலைபேசியில் அழைத்து, பரிசோதனைக் கட்டணம் எவ்வளவு, இரவுக் கட்டணம் தனியா என்று கேட்பதில் வெட்கமில்லை. கட்டணம் கிளினிக்குக்குக் கிளினிக் வேறுபடும். பார்வோ சந்தேகம் இருந்தால் அதையும் சொல்லிவிட வேண்டும். மற்ற நாய்களுக்குப் பரவாதபடி உங்களை வெளியிலேயே காத்திருக்கச் சொல்வார்கள். தடுப்பூசி அட்டை, மலத்தின் மாதிரி அல்லது படம், தின்ற பொருளின் உறை ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோனால் மருத்துவரின் நேரமும் உங்கள் பணமும் மிச்சமாகும்.

உள்ளே போனதும், "டாக்டர், என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது. இதில் முதலில் செய்ய வேண்டியது எது?" என்று வெளிப்படையாகக் கேட்டுவிடுவதே நல்லது. கடைசியில் பில்லைப் பார்த்துத் திகைப்பதைவிட இது எவ்வளவோ மேல். குட்டிக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் உடல் பரிசோதனை, பார்வோ துரிதச் சோதனை, புழுவுக்கான மலச் சோதனை ஆகியவை பெரும்பாலும் முன்னால் நிற்கும். மற்றவற்றைப் படிப்படியாகச் செய்யலாமா என்று கேட்கலாம். கொக்கிப்புழு மட்டுமே இரத்தத்தை உறிஞ்சி ஒரு குட்டியை வெளுக்க வைத்துவிடும். அதற்கான மருந்தோ விலை குறைந்தது.

பார்வோ என்று உறுதியானாலும் கிளினிக்கில் தங்க வைப்பது ஒன்றே வழி என்பதில்லை. அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில், இந்நோய் கண்ட 40 நாய்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. முதலில் எல்லாவற்றுக்கும் நரம்பின் வழியே நீரேற்றி நிலைப்படுத்தினார்கள். பிறகு ஒரு பாதியை உள்நோயாளியாக வைத்துப் பார்த்தார்கள். மறு பாதிக்குத் தோலுக்கடியில் நீரேற்றுதல், வாந்தியை நிறுத்தும் ஊசி, நீண்ட நேரம் வேலை செய்யும் கிருமிக்கொல்லி ஊசி என்று வெளிநோயாளிக்குரிய சிகிச்சையே தந்தார்கள். தங்கியவற்றில் 90 விழுக்காடும், வெளிநோயாளி முறையில் 80 விழுக்காடும் பிழைத்தன. முதல் முறையே மேலானது. ஆனால் அதற்கு வசதியில்லாதவர்கள் இரண்டாவது முறையைப் பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். குட்டியின் நிலையைப் பார்த்து அவர் முடிவு சொல்வார். பணமில்லை என்று குட்டியைச் சும்மா கிடத்திவிடுவதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்குமுள்ள வேறுபாடு உண்டு.

மலேசியாவில் கால்நடைச் சேவைத் துறையின் மாவட்ட அலுவலகத்தில், அருகில் அரசாங்கக் கிளினிக் உண்டா என்று விசாரிக்கலாம். செர்டாங்கில் மலேசிய புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. மிருகவதைத் தடுப்புச் சங்கங்களிடமும் உதவி கேட்டுப் பார்க்கலாம். இனித் தேறாது என்று மருத்துவர் சொல்லும் கட்டத்தில், வலியில்லாமல் உயிரை விடுவிக்கும் ஊசியைப் பற்றியும் கேட்கலாம். அதைக் கேட்பது பாவமில்லை. துடிக்க விட்டுப் பார்த்திருப்பதுதான் பாவம். வளர்ப்பவர் தம் விலங்கை நோயிலிருந்தும் வலியிலிருந்தும் காக்க வேண்டும் என்று மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டமும் சொல்கிறது.

வருமுன் காப்பது மலிவு

தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை, நான்கு மாதம் வரை போடப்பட வேண்டும். அதன் மொத்தச் செலவு, பார்வோவுக்காகச் சில நாள் தங்கவைக்கும் செலவைவிடக் குறைவு. பார்வோ கிருமி மண்ணில் பல மாதம் உயிரோடிருக்கும். ஆகவே, முன்பு ஒரு குட்டி இறந்த வீட்டில் தடுப்பூசி முடியாத இன்னொன்றைக் கொண்டுவந்து விடக் கூடாது. தரையை, ஒரு பங்கு குளோரின் வெளுப்பானுக்கு 30 பங்கு நீர் கலந்து கழுவலாம். மாதம் 30 வெள்ளி ஒதுக்கினால் ஆண்டு முடிவில் 360 வெள்ளி சேர்ந்திருக்கும். அந்தத் தொகை ஓர் இரவில் ஓர் உயிரைக் காப்பாற்றும்.

இனி அந்த வீட்டுக்குத் திரும்புவோம். குட்டிக்கு வயது இரண்டு மாதம், தடுப்பூசி இல்லை, காலையிலிருந்து உணவில்லை, இரண்டு முறை வாந்தி, எழுந்திருக்கவும் மனமில்லை. ஈறு வெளுக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மகள் சொன்னதே சரி. தந்தை செய்ய வேண்டியது, இரவில் திறந்திருக்கும் கிளினிக்கை அழைத்து, "கையில் 150 வெள்ளி இருக்கிறது, இரண்டு மாதக் குட்டி" என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டுப் புறப்படுவதுதான். முழுச் சிகிச்சைக்கு அந்தப் பணம் போதாமல் போகலாம். குட்டிக்கு என்ன நோய், இன்றிரவு அதற்கு எது தேவை என்று தெரிந்துகொள்வதற்கான முதல் படியை எடுத்து வைக்க அது உதவும்.