சோற்றில் கலந்த மாத்திரை

மனச்சிதைவு நோயாளி இருக்கும் பல வீடுகளில் நடப்பதுதான் இது. மாத்திரை சாப்பிட மறுப்பவருக்கு அதைப் பொடித்து ரசத்திலோ காப்பியிலோ கலந்து கொடுத்துவிடுகிறார்கள். நிறமும் சுவையும் இல்லாத ஹாலோபெரிடால் சொட்டு மருந்து கிடைத்துவிட்டால் வேலை இன்னும் சுலபம். வேப்பம்பட்டு போன்ற சென்னைப் புறநகரில், ஒருவர் சம்பளத்தில் ஓடும் வீட்டில், இரவெல்லாம் கத்துகிறவரை வைத்துக்கொண்டு தவிக்கும் தாயோ மனைவியோ இதைச் செய்தால் அவர்மீது பழி போட எனக்கு மனம் வராது. ஆனாலும் இது தவறு. தவறு மட்டுமல்ல, ஆபத்தும்கூட.

சந்தேகம் உண்மையாகும்போது

இந்த நோயில் அடிக்கடி வரும் பயம், சாப்பாட்டில் யாரோ எதையோ கலக்கிறார்கள் என்பது. வீட்டார் உண்மையிலேயே கலந்தால், நோய் சொன்ன பொய்யை அவர்களே மெய்யாக்கிவிடுகிறார்கள். ஒரு நாள் டம்ளரின் அடியில் வெள்ளைத் துகள் கண்ணில் பட்டால் போதும். அதன்பின் அம்மா கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார். உடலுக்கு வரும் கேடு தனி. ஹாலோபெரிடால் சிலருக்குக் கழுத்தைக் கோணலாக இழுத்துவிடும். ஒலான்சபைன் எடையையும் சர்க்கரையையும் ஏற்றும். க்ளோசபைன் என்றால் தொடக்க மாதங்களில் வாரந்தோறும் ரத்தப் பரிசோதனை அவசியம். மருந்து சாப்பிடுவதே தெரியாதவரை எதைச் சொல்லி ஊசி குத்த அழைத்துப்போவது? பல மருந்துகள் தூக்கக் கலக்கம் தரும். அது தெரியாமலே ஒருவர் சி.டி.எச். ரோட்டில் பைக் ஓட்டிப் போய், அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் மெஷினில் கை வைப்பதை நினைத்துப் பாருங்கள்.

‘அவனுக்குத்தான் புத்தி தெளிவில்லையே’

வீட்டார் கேட்கும் நியாயமான கேள்வி இது. தனக்கு நோய் இருப்பதையே உணராமல் போவதும் இந்த நோயின் ஒரு கூறுதான். ஆனால் 2017ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய் உள்ளவருக்கும் முடிவெடுக்கும் திறன் உண்டு என்பதிலிருந்தே தொடங்குகிறது. ஒருவர் எடுத்த முடிவு மற்றவர்களுக்குத் தவறாகப் படுகிறது என்பதற்காக அவருக்குத் திறன் இல்லை என்று சொல்லிவிட முடியாது. இந்த எச்சரிக்கை ஏன் தேவை என்பதை நம் மாநிலத்தின் ஒரு துயரம் காட்டுகிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் மாண்டார்கள். குணமாகட்டும் என்று அங்கே கொண்டுவந்து விட்டவர்களும் சொந்தக்காரர்கள்தான். பாசம் இருக்கிறது என்பதே செய்யும் காரியத்தைச் சரியாக்கிவிடாது.

கலக்காமல் என்ன செய்வது

நிஜமாகவே திறன் இழந்து, தனக்கோ பிறருக்கோ ஆபத்தாக இருப்பவரை விட்டுவிடச் சட்டம் சொல்லவில்லை. அவசரத்தில் எந்தப் பதிவுபெற்ற மருத்துவரும் 72 மணி நேரம் வரை சிகிச்சை தரலாம். மனநல மருத்துவர் உள்ளிட்ட இருவர் தனித்தனியே பரிசோதித்தபின், நோயாளியின் சார்பில் செயல்படும் நியமனப் பிரதிநிதியின் விண்ணப்பத்தின் பேரில் 30 நாள் வரை உள்நோயாளியாகச் சேர்க்கலாம். இதில் எல்லாமே ஏட்டில் பதிவாகும். தவறென்றால் மனநல மறுஆய்வு வாரியத்திடம் முறையிடலாம். ரசத்தில் கரைந்த மாத்திரைக்கு ஏது மேல்முறையீடு? தினமும் மாத்திரை விழுங்கப் பிடிக்காதவர், விளக்கிச் சொன்னால் சில வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசிக்குச் சம்மதிப்பதும் உண்டு. தெளிவாக இருக்கும் நாட்களில், மறுபடி நோய் முற்றினால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று அவரே முன்கூட்டி எழுதிவைக்கவும் சட்டம் இடம் தருகிறது.

ஆஸ்பத்திரிக்கு அலைய ஆளில்லை என்பதும் மெய்தான். வேப்பம்பட்டிலிருந்து மின்சார ரயிலில் மூன்றாவது நிறுத்தம் திருவள்ளூர். அங்கே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. போக முடியாத நாளில் 14416 என்ற டெலிமானஸ் இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். ஏற்கெனவே கலந்து கொடுத்துவருபவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றே நிறுத்திவிட வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்பலாம். முதலில் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நோயாளியிடம் எப்போது, யார் முன்னிலையில், எப்படிச் சொல்வது என்பதை மருத்துவரோடு கலந்து பேசி முடிவு செய்யுங்கள்.